சங்கிலி அறுந்தால் சுமை யாருக்கு?

குளிர்காலத்தில் தெற்கே யமன் தேசத்தை நோக்கியும், கோடைக்காலத்தில் வடக்கே ஷாம் தேசத்தை நோக்கியும் மக்கத்துக் குறைஷிகளின் ஒட்டக அணிகள் புறப்பட்டுச் சென்ற வரலாற்றை நம் வீட்டுச் சிறு பிள்ளைகளும் அறிவர். மதரஸாவில் அவர்கள் தொடக்கத்திலேயே மனனம் செய்யும் ‘குறைஷ்’ அத்தியாயம் அந்தப் பயணங்களையே நினைவூட்டுகிறது. வணிகத்தைக் குறிப்பிடும் அவ்விடத்தில் அது பெருஞ்செல்வத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது நம் கவனத்திற்குரியது. பசி நீங்கிய வாழ்வையும், அச்சம் நீங்கிய வாழ்வையுமே அது இறைவனின் அருட்கொடைகளாக எடுத்துக் காட்டுகிறது.

உழவுக்கு இடமில்லாத பள்ளத்தாக்கில் அமைந்த மக்கா நகரம், தானியத்திற்கு வெளியூர்களையே நம்பியிருந்தது. அந்நகரத்தார் கைமாற்றாகக் கொண்டு சென்ற பொருள்களுள் தோலும் ஒன்று. அபிசீனியாவில் தஞ்சம் புகுந்த முஸ்லிம்களைத் திருப்பி அழைத்து வருவதற்காக மன்னர் நஜ்ஜாஷியிடம் சென்ற குறைஷித் தூதர்கள், அவருக்கு அன்பளிப்பாகக் கொண்டு சென்றவை தோல் பொருள்களே என்று சீறா நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆகவே தோலும் தொலைதூர வணிகமும் நம் வரலாற்றுக்குப் புதியவை அல்ல.

இன்று ஒட்டக அணிகளின் இடத்தைக் கப்பல்கள் பிடித்துள்ளன. ஒரு நாட்டில் கச்சாப் பொருள், மற்றொரு நாட்டில் இரசாயனம், மூன்றாவது நாட்டில் தையல், நான்காவது நாட்டில் விற்பனை என்று ஒரே பொருள் பல கைகள் மாறி உருப்பெறுகின்றது. இந்தத் தொடரைத்தான் பொருளியல் அறிஞர்கள் ‘விநியோகச் சங்கிலி’ என்கின்றனர். இச்சங்கிலி சீராக இயங்கும்போது அதைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. அது அறுபடும்போதுதான், அதன் எந்தக் கண்ணியில் யார் நிற்கின்றார் என்பதும், சுமை யார் தோளில் விழுகின்றது என்பதும் வெளிப்படுகின்றன. பாலாற்றங்கரை ஊர்களில் தோலையும் காலணியையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது அடுப்பு எரிவதைப் பற்றிய கேள்வியாகும்.

ஒரு ஜோடி காலணியின் பயணம்

ஆம்பூரில் தைக்கப்பட்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கடையொன்றில் விற்பனைக்கு வைக்கப்படும் ஒரு ஜோடி காலணியை எடுத்துக் கொள்வோம். அதன் மேல்தோல் வாணியம்பாடியிலோ, பேரணாம்பட்டிலோ, இராணிப்பேட்டையிலோ பதனிடப்பட்டிருக்கலாம். பதனிடுவதற்கான குரோம் உப்பும் சாயமும், அடிப்பாகமும், பசையும், நூலும், கயிறு கோக்கும் சிறு வளையங்களும், உள்ளே ஒட்டும் துணியும், அட்டைப் பெட்டியும் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேர வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் காலணி முழுமை பெறாது.

காலணியின் மேற்பகுதியாகிய ‘அப்பர்’ தைக்கும் கூடங்களில் பெரும்பாலும் பெண்களே பணிபுரிகின்றனர். அவர்கள் தைத்து முடித்ததும் பெட்டிகள் கன்டெய்னரில் ஏற்றப்பட்டுச் சென்னைத் துறைமுகம் செல்கின்றன. அங்கிருந்து நேராகவோ, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறியோ, செங்கடலையும் சூயஸ் கால்வாயையும் கடந்து ஐரோப்பாவை அடைவது நெடுங்கால வழக்கம். குளிர்காலத்தில் விற்க வேண்டிய காலணிக்கான ஆர்டர் பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். பருவம் தவறி வந்து சேரும் சரக்கு, பெருநாள் முடிந்த மறுநாள் கடைக்கு வந்த புத்தாடையைப் போன்றது.

இத்தொழில் நேற்று முளைத்ததன்று. ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்ட ‘கிழக்கிந்தியத் தோல்’ 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னையிலிருந்து இலண்டனுக்குக் கப்பலேறியது. சென்னைப் பெரியமேட்டு மண்டிகளும் பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளும் நம் சமுதாயத்தவர் பலரை வணிகப் பெருமக்களாக உயர்த்தின. அவர்களின் வள்ளன்மையால் கல்வி நிலையங்கள் எழுந்தன. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயர் தாங்கிய கல்லூரி மேல்விஷாரத்தில் 1965இல் உருவாயிற்று. அந்த வகுப்பறைகளுக்குப் பின்னால் கடல் கடந்த ஒரு சந்தை இருந்தது என்பதை மறத்தலாகாது.

பெட்டி செய்த புரட்சி

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஹியூஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. லாரி போக்குவரத்துத் தொழில் நடத்திய மால்கம் மெக்லீன் என்பவரின் சிந்தனையில் உதித்த ஏற்பாடு அது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய காலம் போய், லாரியிலிருந்து பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைக்கும் முறை வந்தது. ஏற்றுமதிச் செலவு வெகுவாகக் குறைந்தது. எங்கே கூலி குறைவோ அங்கே தைத்து, எங்கே விலை அதிகமோ அங்கே விற்பது எளிதாயிற்று.

இதனோடு ஜப்பானில் மற்றொரு முறை வளர்ந்தது. டொயோட்டா நிறுவனத்தின் பொறியாளர் டாயிச்சி ஓனோ, உதிரிப் பாகங்களைக் கிடங்கில் குவித்து வைப்பது வீண் செலவு என்று கண்டார். தேவைப்படும் பொருள், தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவில் மட்டுமே வந்து சேர வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. கிடங்கு வாடகை மிச்சம். முடங்கிக் கிடக்கும் முதல் மிச்சம். குறைகளும் உடனுக்குடன் தெரிய வரும். உலகெங்கும் உள்ள ஆலைகள் இம்முறையைப் பின்பற்றத் தொடங்கின.

ஆனால் கையிருப்பே இல்லாத வீட்டில் ஒருநாள் கடை அடைத்தாலும் பட்டினிதான் அல்லவா? 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்கில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. மோட்டார் வாகனங்களுக்கான மின்னணுச் சில்லுகளைச் செய்துவந்த ஆலையொன்று சேதமடைந்ததால், பல நாடுகளின் கார் தொழிற்சாலைகள் தடுமாறின. அதே ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்தில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, உலகம் முழுவதும் கணினிகளுக்கான ஹார்டு டிஸ்க் பற்றாக்குறையானது. இந்த அனுபவத்திற்குப் பின் டொயோட்டா நிறுவனமே தன் நெறியில் ஒரு திருத்தம் செய்தது. எளிதில் கிடைக்காத சில்லுகளைச் சில மாதத் தேவைக்கு இருப்பு வைக்குமாறு தனக்குப் பொருள் வழங்குவோரைக் கேட்டுக்கொண்டது. 2021இல் உலகெங்கும் சில்லுப் பஞ்சம் தலைதூக்கியபோது, தொடக்க மாதங்களில் அந்நிறுவனம் மற்றவர்களைவிடக் குறைவாகவே பாதிக்கப்பட்டது.

முழுநிலவு விடுவித்த கப்பல்

2021 மார்ச் 23 அன்று ‘எவர் கிவன்’ என்னும் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கிக்கொண்டது. அதன் நீளம் 400 மீட்டர். உரிமையாளர் ஜப்பானியர், இயக்கியது தைவான் நிறுவனம், பறந்தது பனாமா நாட்டுக் கொடி, மாலுமிகள் 25 பேரும் இந்தியர், கப்பலின் இலக்கோ நெதர்லாந்தின் ராட்டர்டாம். உலகச் சங்கிலி என்பது என்ன என்று கேட்பவருக்கு இந்த ஒரு கப்பலே விடை சொல்லும்.

ஆறு நாள்கள் கால்வாய் அடைபட்டது. இருபுறமும் 400க்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்துக் கிடந்தன. மணலைத் தோண்டி, இழுவைப் படகுகளைப் பூட்டி எத்தனையோ முயன்றபின், ஷஅபான் மாதத்து முழுநிலவையொட்டிக் கடல்நீர் உயர்ந்த வேளையில், மார்ச் 29 அன்று கப்பல் மிதந்தது. மனிதன் கட்டிய மாபெரும் கலம் விடுபடுவதற்கும் படைத்தவன் வகுத்த ஏற்ற இறக்கத்தைக் காத்திருக்க நேர்ந்ததில் சிந்திப்போருக்குப் படிப்பினை உண்டு. இழப்பீட்டுத் தகராறு தீர்ந்து அக்கப்பல் எகிப்தைவிட்டு வெளியேற ஜூலை மாதம் ஆயிற்று.

அந்த ஆண்டு வேறு வகையிலும் நெருக்கடியான ஆண்டாக அமைந்தது. 2019இல் 40 அடி கன்டெய்னர் ஒன்றுக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 1,400 டாலராக இருந்த கப்பல் வாடகை, 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. பெரும் நிறுவனங்கள் கொடுத்துச் சமாளித்தன. சிறு ஏற்றுமதியாளர்கள் பெட்டி கிடைக்காமல் தவித்தனர்.

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், பல கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தலைப்பட்டன. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட 1869க்கு முந்தைய பாதை அது. பயணம் ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள்கள் நீண்டது. சரக்கு தாமதமாகச் சேர்ந்தால் பணமும் தாமதமாகவே வரும். இடையில் தோல் மண்டிக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்கும் வாரக் கூலிக்கும் எங்கே போவது? வட்டியைத் தவிர்த்து வாழ விரும்பும் சிறு வணிகரை வட்டிக் கடனின் வாசலுக்கு இழுத்துச் செல்வது இத்தகைய தாமதங்களே.

நாடி பார்க்கும் கருவிகள்

உலக உற்பத்தியின் உடல்நிலையை அறிய வல்லுநர்கள் சில குறியீடுகளை வைத்துள்ளனர். நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் இவை அடிக்கடி இடம்பெறுவதால் அவற்றின் பொருளை நாமும் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, கொள்முதல் மேலாளர் குறியீடு. தொழிற்சாலைகளில் பொருள் வாங்கும் பொறுப்பிலுள்ள அலுவலர்களிடம், சென்ற மாதத்தைவிட நிலைமை எவ்வாறு உள்ளது என்று மாதந்தோறும் கேட்டுக் கணக்கிடுவது இது. 50க்கு மேல் இருந்தால் உற்பத்தித் துறை வளர்கிறது என்றும், 50க்குக் கீழே இருந்தால் சுருங்குகிறது என்றும் கொள்ள வேண்டும். ஊரடங்கின் நடுவே 2020 ஏப்ரலில் இந்தியாவின் உற்பத்தித் துறைக்கான இக்குறியீடு 27.4 ஆக வீழ்ந்தது.

இக்குறியீட்டில் ஒரு நுட்பம் உண்டு. பொருள் வந்து சேர அதிக நாளானால், ‘ஆலைகளில் வேலை மிகுதி, அதனால்தான் தாமதம்’ என்று எண்ணி அதனை வளர்ச்சியின் அடையாளமாகக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். ஆனால் நோயினாலும் ஊரடங்கினாலும் உண்டான தாமதமும் அதே கணக்கில் சேர்ந்தபோது, குறியீடு உண்மையைவிடச் சற்று நலமாகவே தோன்றியது. காய்ச்சலால் சிவந்த முகத்தைக் கண்டு ஆரோக்கியம் என்று மயங்குவதைப் போன்றது இது.

இரண்டாவது, நியூயார்க் மத்திய ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் வெளியிடத் தொடங்கிய விநியோகச் சங்கிலி அழுத்தக் குறியீடு. கப்பல், விமானக் கட்டணங்களையும், பொருள் வந்து சேரும் காலத்தையும், தேங்கி நிற்கும் ஆர்டர்களையும் சேர்த்துக் கணக்கிடும் இதில், சராசரி நிலைக்குப் பூஜ்யம் என்று பெயர். 2021 டிசம்பரில் இது 4ஐத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. 2023இல் பூஜ்யத்திற்கும் கீழே இறங்கியது.

மூன்றாவது, உலக வங்கியின் சரக்குப் போக்குவரத்துத் திறன் பட்டியல். துறைமுகம், சாலை, சுங்க நடைமுறை, காலந்தவறாமை முதலியவற்றைக் கொண்டு நாடுகளை வரிசைப்படுத்தும் இதில் 2014இல் 54ஆம் இடத்திலிருந்த இந்தியா, 2023இல் 139 நாடுகளுக்குள் 38ஆம் இடத்திற்கு உயர்ந்தது. முதலிடம் சிங்கப்பூருக்குக் கிடைத்தது.

இவையெல்லாம் பயனுள்ள கருவிகளே. ஆயினும் இவை அளப்பது வேகத்தையும் விலையையும் அளவையும் மட்டுமே. ஆர்டர் ரத்தானபோது யார் வீட்டில் உலை கொதிக்கவில்லை, எந்த ஆற்றில் கழிவு கலந்தது, யாருடைய மகளின் படிப்பு நின்றது என்பவற்றுக்கு இக்குறியீடுகளில் இடமில்லை. சங்கிலியின் திறனை அளப்பதற்கு நமக்கு வேறொரு தராசும் தேவைப்படுகிறது.

பாலாறு கற்பித்த பாடம்

தொலைவிலுள்ள ஒரு நாட்டின் சட்டம் நம் ஊர் ஷாப்பின் கதவைத் தட்டும் என்பதைப் பாலாற்றங்கரை முதன்முதலில் தெளிவாக உணர்ந்தது 1990களின் தொடக்கத்தில். தோல் பூசணம் பிடிக்காமலிருக்கப் பயன்படுத்திய பென்டாகுளோரோபீனால் என்னும் மருந்தினை ஜெர்மனி 1989 டிசம்பரில் தடை செய்தது. மாற்று மருந்தைத் தேடி நம்மவர்கள் அலைந்தனர். 1994இல் புற்றுநோய் அபாயம் உள்ள சிலவகைச் சாயங்களுக்கும் அந்நாடு தடை விதித்தது. 2015 மே 1 முதல், தோல் பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. ஒவ்வொரு முறையும் 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் துணையோடு மாறிக்கொண்டவர்கள் நிலைத்தனர். மாற இயலாத சிறு ஷாப்புகள் மூடப்பட்டன.

ஐரோப்பியரின் பாதத்தைக் காக்க இத்தனை விதிகள் எழுந்தன. நம் ஆற்றைக் காக்க என்ன எழுந்தது? ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் பதப்பட்ட தோல், குரோம் உப்பில் ஓரிரு நாளில் பதப்பட்டது. வேகம் கூடியது, கழிவும் கூடியது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் தேவைப்படுகிறது. அந்நீர் உப்போடும் குரோமியத்தோடும் நிலத்தில் இறங்கியது. தோல் ஷாப்புகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வு விவரத்தை, 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. அதன் பிறகும் குறை முழுதும் தீரவில்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றின் நிலை குறித்து மீண்டும் கண்டிப்பான உத்தரவுகளைப் பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

இங்கே நாம் நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அயல்நாட்டு வணிகர் விலையைக் குறைத்தபோது, நம்மவரில் சிலர் அச்சுமையைத் தம் இலாபத்தில் ஏற்கவில்லை. ஆற்றின் தலையிலும், கிணற்று நீரை நம்பிய உழவரின் தலையிலும் இறக்கி வைத்தனர். பிறருக்குத் தீங்கு விளைவிக்காமை ஃபிக்ஹுச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தொழுகைக்கு உளூச் செய்யும் நீரின் தூய்மையைக் கவனமாகப் பார்க்கும் சமுதாயம், அண்டை வயலுக்குச் செல்லும் நீரின் தூய்மையையும் அதே கவனத்தோடு பார்க்கக் கடமைப்பட்டுள்ளது.

மாறிவரும் உற்பத்திப் போக்கு

உலகம் ஆண்டுதோறும் 2,200 கோடி ஜோடிக்கும் மேற்பட்ட காலணிகளைச் செய்கிறது. இவற்றில் பாதிக்கும் மேல் சீனாவின் பங்கு. எண்ணிக்கையில் இந்தியா இரண்டாம் இடத்தில் உள்ளது. ஆனால் நம் உற்பத்தியில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்றுவிடுகிறது. ஏற்றுமதியில் வியட்நாம் நம்மை வெகுதூரம் முந்திவிட்டது.

சீனாவில் கூலி உயர்ந்ததாலும், ஒரே நாட்டை நம்பியிருப்பதன் ஆபத்தைக் கொரோனாக் காலம் காட்டியதாலும், பெரிய நிறுவனங்கள் வேறு நாடுகளிலும் ஆலைகளை அமைத்து வருகின்றன. தமிழகத்திற்கும் தைவான் நாட்டுக் காலணி நிறுவனங்கள் வந்துள்ளன. செய்யாறில் ஏற்கெனவே பெரிய ஆலைகள் இயங்குகின்றன. பெரம்பலூரில் 2023 நவம்பரில் ஒன்று திறக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு காலணி, தோல் பொருள்களுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டு, 20,000 கோடி ரூபாய் முதலீட்டையும் 2 இலட்சம் வேலைவாய்ப்புகளையும் இலக்காக அறிவித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, புதிய ஆலைகளில் பெரும்பாலானவை தோல் அல்லாத விளையாட்டுக் காலணிகளைச் செய்வன என்பதே. உலகச் சந்தையின் விருப்பம் துணி, ரப்பர், செயற்கைப் பொருள்களின் பக்கம் சாய்ந்து வருகிறது. தலைமுறை தலைமுறையாகத் தோலின் தரத்தை விரல் நுனியால் அறிந்த கைகளுக்கு இச்சந்தையில் இடம் எங்கே என்ற கேள்வியை நம் தொழிலதிபர்கள் இன்றே எழுப்பியாக வேண்டும்.

இடையிடையே அரசுகளின் முடிவுகளும் சங்கிலியை உலுக்குகின்றன. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் சுங்கவரி 50 விழுக்காட்டை எட்டியது. நம் தோல் பொருள்களைப் பெருமளவில் வாங்கும் நாடுகளுள் அமெரிக்காவும் ஒன்று. வாஷிங்டனில் எழுதப்படும் ஓர் ஆணையால் ஆம்பூர்த் தையல் கூடத்துப் பெண்ணின் வேலை நாள்கள் குறையக் கூடும் என்றால், அவர் அந்த ஆணைக்கு என்ன தவறு செய்தார்?

நட்டம் யாருடையது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகப் பொருளை ஷாம் தேசத்திற்குக் கொண்டு சென்றார்கள். ஒருவர் முதலும் மற்றொருவர் உழைப்பும் இட்டு நடத்தும் இத்தகைய கூட்டு வணிகத்தை ‘முளாரபா’ என்று ஃபிக்ஹ் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இலாபம் வந்தால் பேசிய விகிதப்படி இருவருக்கும் பங்கு. உழைத்தவரின் தவறின்றி நட்டம் வந்தால், பண இழப்பு முதலிட்டவரைச் சேரும். உழைத்தவர் தம் உழைப்பின் பயனை ஏற்கெனவே இழந்துவிட்டார். அவர் மீது மேலும் சுமை ஏற்றலாகாது என்பதே இதன் நியாயம்.

இன்றைய உலகச் சங்கிலியில் இந்த நியாயம் தலைகீழாக நிற்கிறது. 2020 மார்ச்சில் கடைகள் அடைக்கப்பட்டதும் மேலை நாட்டு வணிக நிறுவனங்கள் பல, தைத்து முடித்த சரக்கையும் வேண்டாம் என்றன. பங்களாதேஷ் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்புள்ள ஆயத்த ஆடை ஆர்டர்கள் நிறுத்தப்பட்டன அல்லது ரத்தாயின. துணி வாங்கிய கடன் ஆலை முதலாளிக்கு, வேலையிழப்பு தொழிலாளிக்கு, முதலில் கை கழுவியவரோ முதல் மிகுந்தவர்!

இதைவிடக் கொடிய நிகழ்ச்சி 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே நடந்தது. ‘ராணா பிளாஸா’ கட்டடத்தில் முதல் நாளே விரிசல் கண்டது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளத்து ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை உள்ளே அழைக்கப்பட்டனர். ஆர்டரைக் குறித்த நாளில் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி. கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மடிந்தனர், பெரும்பாலோர் பெண்கள். அந்த மாதம் எந்தக் குறியீடும் இதனை ‘தாமதம்’ என்பதற்கு மேல் பதிவு செய்திருக்க முடியாது.

இந்த மரணங்கள் உலகின் மனச்சாட்சியைச் சற்றே தொட்டன. தம் சரக்கு எங்கே, எந்த நிலைமையில் செய்யப்படுகிறது என்பதைப் பெரிய நிறுவனங்கள் கண்காணிக்க வேண்டும் என்னும் சட்டம் ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நல்ல தொடக்கமே. எனினும் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்பவர், அதற்கேற்ற விலையையும் கொடுக்க முன்வர வேண்டும்.

சேமிப்பும் பதுக்கலும்

கையிருப்பு பற்றி எண்ணும்போது யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. செழிப்பான ஏழு ஆண்டுகளில் உண்பதற்குப் போக மீதியைக் கதிரோடு சேமிக்கச் செய்து, பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளில் அளந்து கொடுத்தார்கள். எல்லையைத் தாண்டி வந்தவர்களுக்கும் ஆளுக்கு ஓர் ஒட்டகச் சுமை என்ற முறையில் தானியம் கிடைத்தது. ஆனால் விலை ஏறட்டும் என்று மக்களின் தேவையைப் பதுக்கி வைப்பதை மார்க்கம் வன்மையாகத் தடுக்கிறது. இரண்டும் கிடங்கில் வைப்பதுதான். ஒன்று மக்களைக் காப்பதற்காக. மற்றொன்று மக்களை வருத்துவதற்காக. டொயோட்டா நிறுவனம் 2011க்குப் பின் கற்றுக்கொண்ட முன்னெச்சரிக்கை நம் வேதத்தில் என்றோ சொல்லப்பட்டதுதான்.

இந்த அடிப்படையில் நம் தொழில் ஊர்கள் செய்யத்தக்கன சில உண்டு. ஒரே நாட்டையோ ஒரே வாங்குவோரையோ நம்பியிராமல், வளர்ந்துவரும் உள்நாட்டுச் சந்தையையும் நாட வேண்டும். சிறு ஷாப்புகள் தனித்தனியே திணறாமல், இரசாயனத்தையும் உதிரிப் பொருளையும் கூட்டாக வாங்கிச் சில வாரத் தேவைக்கு இருப்பு வைக்கலாம். ஆர்டரை ஏற்கும் முன், ரத்தானால் இழப்பீடு என்ன, தாமதமானால் விமானக் கட்டணம் யாருடையது என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணித்த மார்க்கம் நம்முடையது அல்லவா? இவற்றையெல்லாம் ஒப்பந்தத்தின் நுண்ணிய எழுத்தில் படித்தறியும் இளைஞர்களை நம் கல்லூரிகள் உருவாக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆர்டர் நிறைந்த மாதங்களின் இலாபத்தில் ஒரு சிறு பகுதியை, வேலையற்ற மாதங்களின் கூலிக்கென ஆலைகளும் ஜமாஅத்துகளும் சேர்ந்து ஒதுக்கி வைக்கலாம். பைத்துல்மால் நடத்தும் ஊர்களுக்கு இது இயலாத செயலன்று. தொழிலாளியின் காப்பீடும் சேமநல நிதியும் தவறாமல் செலுத்தப்படுவதும் இதில் அடங்கும். தையல் கூடத்துச் சகோதரி எம்மதத்தவராயினும் இந்த உரிமை அவருக்கு உண்டு.

உலகச் சங்கிலியின் ஒரு முனையை மட்டுமே நாம் பிடித்திருக்கிறோம். மறுமுனையில் இருப்பவரை நம்மால் திருத்த இயலாமல் போகலாம். நமக்குக் கீழே உள்ள கண்ணி நம் கையில்தான் இருக்கிறது. பசியற்ற வாழ்வும் அச்சமற்ற வாழ்வும் அங்கே சென்று சேர்ந்தால், அதுவே அவ்வணிகத்தின் உண்மையான திறன். அத்தகைய நேரிய வணிகர்களாக நம்மை ஆக்கி, நம் ஆற்றையும் ஊரையும் செழிக்கச் செய்ய வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!